மெய்நிகர் கற்றல் சூழல் மென்பொருள் பாடம் நடத்த உதவுகிறதா, கோப்புகளைச் சேர்த்துவைக்க மட்டுமா?

கேள்வி
உயிரியல் ஆசிரியை, மேல்நிலை வகுப்புகள்

அனைவருக்கும் வணக்கம். 2020இல் பெருந்தொற்றினால் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பறைக்குப் போக முடியாமல் இருந்தபோது, அவசர அவசரமாக மெய்நிகர் கற்றல் சூழல் மென்பொருளை நிறுவிக்கொண்ட பள்ளிகளுள் எங்களுடையதும் ஒன்று. அன்றைக்குத் தேவைப்பட்டதெல்லாம் பாடக்குறிப்பை அனுப்பவும் விடைகளைப் பெற்றுக்கொள்ளவும் ஒரு பொது இடம்தான். அதை அந்த மென்பொருள் குறையின்றிச் செய்தது. நேரடி வகுப்புகள் மீண்டும் தொடங்கிய பின்னரும் மென்பொருள் தொடர்கிறது. ஆனால் ஆசிரியர்கள் பிடிஎஃப் கோப்புகளை ஏற்றுவதும், மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவில் அவற்றை இறக்கிக்கொள்வதும் தவிர அங்கே வேறெதுவும் நடப்பதில்லை. மதிப்பெண்களை மட்டும் மென்பொருளில் ஒருமுறையும் காகிதப் பதிவேட்டில் ஒருமுறையுமாக இரண்டு இடங்களில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த கல்வியாண்டுக்கு முன்பாக இதைத் தொடர்வதா, வேறொன்றுக்கு மாறுவதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கக் குறிப்பு ஒன்றை எழுதித் தருமாறு பள்ளி நிர்வாகம் என்னைக் கேட்டிருக்கிறது. விற்பனைப் பிரதிநிதிகள் காட்டும் செயல்விளக்கங்களில் எல்லா மென்பொருளும் ஒன்றுபோலவே மின்னுகின்றன என்பதால், பல ஆண்டுகள் பயன்படுத்திய ஆசிரியர்களிடம் கேட்பதே மேல் என்று தோன்றியது. உங்கள் பாடத்தில் இந்த மென்பொருளின் எந்த வசதி உண்மையிலேயே கற்பிக்கும் முறையை மாற்றியது? எதை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டீர்கள்? மூடில், கூகுள் கிளாஸ்ரூம், கேன்வாஸ் ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியமா? “ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்” என்ற பொதுவான அறிவுரை எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆகவே குறிப்பான அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன்.

பதில் 1
கணித ஆசிரியர்

வணக்கம் அம்மா. என் பாடத்தில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது வினாடி வினாப் பகுதி ஒன்றுதான். மற்றவை இல்லாவிட்டாலும் சமாளித்துவிடுவேன். நாங்கள் பயன்படுத்துவது மூடில். அதில் வினாக்களைத் தனித்தனித் தேர்வுகளாக அமைக்காமல், பாடப்பகுதி வாரியாக ஒரு வினா வங்கியில் சேர்த்து வைக்கலாம். ‘கணக்கிடப்படும் வினா’ என்றொரு வகை இருக்கிறது. எண்களுக்குப் பதிலாக மாறிகளை வைத்து வினாவை எழுதிவிட்டால், ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு எண்களோடு அதே கணக்கு போய்ச் சேரும். பக்கத்தில் இருப்பவரின் விடையைப் பார்த்து எழுதுவதால் பயன் இல்லை என்று தெரிந்ததும் மாணவர்கள் “உன் விடை என்ன?” என்பதை விட்டுவிட்டு “நீ எப்படிச் செய்தாய்?” என்று கேட்கத் தொடங்குகிறார்கள். எனக்கு வேண்டியதும் அந்தப் பேச்சுதான்.

இயற்கணிதத்துக்கு ஸ்டாக் என்ற கூடுதல் வினா வகையைச் சேர்த்துக்கொண்டோம். அது மாக்சிமா என்னும் இயற்கணித மென்பொருளைப் பின்னணியில் இயக்கி மாணவரின் விடையைச் சோதிக்கிறது. ஆகவே ஒரு மாணவர் கோவையை விரித்து எழுதினாலும் காரணிப்படுத்தி எழுதினாலும் இரண்டும் சமம் என்பதை அது அறிந்துகொள்ளும். காரணிப்படுத்திய வடிவம்தான் வேண்டும் என்று நாம் குறிப்பிட்டிருந்தால் அதையும் தனியாகச் சோதித்துத் தக்க பின்னூட்டம் தரும். இதை நிறுவுவதற்குச் சேவையகத்தை நிர்வகிப்பவரின் உதவி தேவை. நல்ல வினா ஒன்றை எழுதுவதற்கு நேரமும் பிடிக்கும். எழுதிய வினா ஆண்டுக்கணக்கில் பயன்படும் என்பதால் அந்த நேரம் வீண்போவதில்லை.

சிறுதேர்வுகளை மதிப்பெண்ணுக்காக வைக்காமல் நினைவுகூரும் பயிற்சியாக வைக்கிறோம். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்ததை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வாரந்தோறும் கையால் திருத்தி இதைச் செய்ய எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடைக்காது. அந்த உழைப்பை ஏற்றுக்கொள்வதுதான் மென்பொருளின் வேலை என்பது என் கருத்து.

ஆசிரியர்கள் பெரும்பாலும் திறந்தே பார்க்காத ஒரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வினாடி வினாவின் புள்ளியியல் அறிக்கையில் ஒவ்வொரு வினாவுக்கும் எளிமைக் குறியீடு, வேறுபடுத்தும் குறியீடு என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, அந்த வினாவுக்குச் சராசரியாக எத்தனை விழுக்காடு மதிப்பெண் கிடைத்தது என்பதைக் காட்டும். இரண்டாவது, தேர்வின் மற்ற வினாக்களில் நன்றாகச் செய்தவர்கள் இந்த வினாவிலும் நன்றாகச் செய்தார்களா என்பதைக் காட்டும். இரண்டாவது எண் எதிர்க்குறியோடு வந்தால், நன்றாகப் படிப்பவர்கள் தவறாகவும் மற்றவர்கள் சரியாகவும் விடையளித்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் விடைக்குறிப்பில் பிழை இருக்கும், இல்லையென்றால் வினாவின் வாசகம் இருபொருள் படும்படி இருக்கும்.

மதிப்பெண் பதிவேட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூடிலின் இயல்புநிலை அமைப்பில் வெற்றாக இருக்கும் கட்டங்கள் மொத்தக் கணக்கில் சேர்வதில்லை. ஐந்து ஒப்படைப்புகளுள் ஒன்றை மட்டும் செய்து அதில் 90 விழுக்காடு பெற்ற மாணவருக்கு மொத்தமும் 90 என்றே காட்டும். செய்யாதவற்றுக்குப் பூச்சியம் என்று கையால் இட வேண்டும். அல்லது வெற்று மதிப்பெண்களை விலக்கும் அமைப்பை நிறுத்திவிட வேண்டும். பெற்றோருக்கு மதிப்பெண்களைக் காட்டும் பள்ளியாக இருந்தால் இதை ஆண்டின் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

பதில் 2
மொழி ஆசிரியை

கணித ஆசிரியர் சொன்னதை அவருடைய பாடத்துக்கு முழுமையாக ஏற்கிறேன். என் பாடத்தில் அந்தப் பகுதியே மிகக் குறைந்த பயன் தருகிறது. குறுவிடை வினாவில் மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதால், ஒற்று விடுபட்ட விடையும் முற்றிலும் தவறான விடையும் அதன் கண்ணுக்கு ஒன்றே. ஏற்கத்தக்க வடிவங்களை எல்லாம் முன்கூட்டியே பட்டியலிட்டு, பிழையுள்ள வடிவங்களுக்குப் பாதி மதிப்பெண்ணும் தனிப் பின்னூட்டமும் அமைக்க வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் மாணவர் எழுதக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் யாரால் முன்கூட்டி நினைக்க முடியும்? ஆகவே வினாடி வினாவைச் சொற்பொருள், இலக்கணக் குறிப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு உதவியது கட்டுரை வரைவுகளை இடையிலேயே பார்க்கும் வசதி. கூகுள் கிளாஸ்ரூமில் ஓர் ஆவணத்தை ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு படியாக வழங்கினால், மாணவர் ஒப்படைப்பதற்கு முன்பே அவர் எழுதிக்கொண்டிருக்கும் வரைவை ஆசிரியர் திறந்து பார்த்து ஓரத்தில் குறிப்பு எழுதலாம். ஒப்படைத்த பிறகு ஆவணம் மாணவரின் கையை விட்டுப் போய்விடும். ஆசிரியர் திருப்பித் தரும் வரையிலோ, மாணவரே ஒப்படைப்பைத் திரும்பப் பெறும் வரையிலோ அவரால் அதைத் திருத்த முடியாது. இந்த நடைமுறையை மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே விளக்காவிட்டால், “என் கட்டுரை பூட்டிக்கொண்டது” என்ற புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மதிப்பெண்ணையும் பின்னூட்டத்தையும் ஒன்றாகக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுகிறது: கருத்துரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள், மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்ந்து பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. இந்த மென்பொருள்களோ மதிப்பெண்ணைப் பெரிய எழுத்தில் மேலேயும், கருத்துரையை ஒரு சொடுக்குக்கு அப்பாலும் வைத்திருக்கின்றன. மாணவரின் கைப்பேசிக்குப் போகும் அறிவிப்பிலும் முந்திக்கொண்டு நிற்பது மதிப்பெண்தான். மூடிலில் திருத்தும் பணிப்பாய்வை இயக்கிவிட்டால், நாம் வெளியிடும் வரை மதிப்பெண்ணும் கருத்துரையும் மாணவருக்குத் தெரியாது. ஆனால் அது இரண்டையும் சேர்த்தே மறைத்து, சேர்த்தே வெளியிடும். ஆகவே நான் முதல் வரைவை மதிப்பெண் இல்லாத ஒப்படைப்பாகவும், திருத்திய வடிவை மதிப்பெண் உள்ள வேறோர் ஒப்படைப்பாகவும் பிரித்து வைக்கிறேன். பட்டியல் நீண்டுவிடுகிறது என்று மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்; முணுமுணுத்தாலும் கருத்துரையைப் படிக்கிறார்கள்.

நான் கைவிட்டதைக் கேட்டீர்கள். கையெழுத்துக் கட்டுரைகளைப் புகைப்படமாகப் பெறுவதைக் கைவிட்டேன். பக்கங்கள் வரிசை மாறியும், பக்கவாட்டில் சாய்ந்தும், பாதி நிழல் விழுந்தும் வரும். திரையில் அவற்றைத் திருத்துவது காகிதத்தில் திருத்துவதைவிட நீண்ட வேலை. கையால் எழுத வேண்டிய கட்டுரை காகிதத்திலேயே இருக்கட்டும், மதிப்பெண்ணை மட்டும் மென்பொருளில் பதிந்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகளைக் கண்டுபிடிக்கும் கருவியும் சேர்ந்து வருகிறது என்று விற்பனையாளர்கள் சொல்லக்கூடும். அதை ஒரு தகுதியாக உங்கள் குறிப்பில் எழுத வேண்டாம். சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே, தான் உருவாக்கிய கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்ற காரணத்தால் 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆவணத்தின் பதிப்பு வரலாற்றைப் பார்ப்பது அதைவிட நியாயமானது. கட்டுரை சிறுகச் சிறுக வளர்ந்ததா, ஒரே நேரத்தில் முழுமையாக வந்து விழுந்ததா என்பது அதில் தெரியும். அதையும் குற்றச்சாட்டாக்காமல், “இந்தப் பத்தியை எப்படி எழுதினாய், சொல்” என்று உரையாடலைத் தொடங்கவே பயன்படுத்துகிறேன்.

பதில் 3
தொடக்கநிலை வகுப்பு ஆசிரியை

மேலே உள்ளவை எல்லாம் வளர்ந்த மாணவர்களுக்குப் பொருந்தும். ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவர்களின் முதல் சிக்கல் கடவுச்சொல்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு என எல்லாம் கலந்த கடவுச்சொல்லைக் கேட்கும் மென்பொருளில், பாடவேளையின் கணிசமான பகுதி உள்நுழைவதிலேயே கரைந்துவிடும். படங்களைத் தேர்ந்தெடுத்தோ கியூஆர் குறியீட்டு அட்டையைக் காட்டியோ நுழைய வழி உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வயதில் மென்பொருளை உண்மையில் பயன்படுத்துபவர் பெற்றோர். அவர்களுக்குத் தனிக்கணக்கு இல்லாத மென்பொருளில் குழந்தையின் பெயரிலேயே நுழைவார்கள். பயிற்சியையும் சில நேரங்களில் அவர்களே செய்து முடிப்பார்கள். ஆகவே நான் வீட்டில் செய்யும் எந்தப் பயிற்சிக்கும் மதிப்பெண் வைப்பதில்லை. குழந்தை ஒரு பத்தியை வாசிப்பதைப் பதிவுசெய்து அனுப்பும் ஒலிப்பதிவு மட்டுமே எனக்குப் பயன்படுகிறது. வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் குழந்தைகள் அதில் தெளிவாக வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். மற்றபடி இந்த வயதினருக்குப் பென்சிலும் தாளும் போதும் என்றே நினைக்கிறேன்.

பதில் 4
சிறப்புக் கல்வி ஆசிரியர்

கேள்வியில் பிடிஎஃப் பற்றிச் சொல்லியிருந்ததால் இதை எழுதுகிறேன். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்கள், திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் திரை வாசிப்பானைக் கொண்டு படிக்கிறார்கள். என்விடிஏ போன்ற இலவச மென்பொருள் கணினியில் கிடைக்கிறது. கைப்பேசிகளிலும் இந்த வசதி உள்ளமைவாகவே இருக்கிறது. ஆனால் புத்தகப் பக்கத்தை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்துப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால், அது மனிதக் கண்ணுக்கு எழுத்தாகவும் திரை வாசிப்பானுக்குப் படமாகவும் இருக்கும். மாணவருக்கு எதுவும் கேட்காது. கோப்பைத் திறந்து ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது படம்தான். யூனிகோடு என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளிலும் இதே தொல்லை உண்டு: நகலெடுக்க முடியும், ஒட்டிப் பார்த்தால் பொருளற்ற எழுத்துகள் வரும். பாடக்குறிப்புகள் யூனிகோடு எழுத்துருவில் இருக்க வேண்டும் என்பதைப் பள்ளியின் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இதை ஒருசில மாணவர்களின் சிறப்புத் தேவை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிடிஎஃப் பக்கத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துப் படிக்கும் துன்பம் எல்லோருக்கும் உண்டு. அதே பாடத்தை மென்பொருளின் சொந்தப் பக்கத்தில் தலைப்பு, துணைத்தலைப்பு என்று முறையாக அமைத்துத் தட்டச்சு செய்தால், திரைக்கு ஏற்றவாறு வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். திரை வாசிப்பானும் தலைப்பு தலைப்பாகத் தாவிச் செல்லும். இணைய உள்ளடக்கத்தின் அணுகல்தன்மைக்கான வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு 2008இலேயே வெளிவந்துவிட்டது. சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டு விகிதம் வேண்டும், படங்களுக்கு எழுத்தில் மாற்று விவரணை வேண்டும் என்பன போன்ற அளவுகோல்கள் அதில் தெளிவாக உள்ளன. விற்பனையாளரிடம் “அணுகல்தன்மை உண்டா?” என்று கேட்டால் “உண்டு” என்றுதான் பதில் வரும். அதைவிட, சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு வினாடி வினாவை முடித்துக்காட்டச் சொல்லுங்கள்.

நேர வரம்பைப் பற்றியும் ஒரு சொல். கூடுதல் நேரம் தேவைப்படும் மாணவருக்குத் தனி விலக்கு அளிக்கும் வசதி மூடிலிலும் கேன்வாஸிலும் உள்ளது. முன்பெல்லாம் அந்த மாணவர் வகுப்பின் முன்னிலையில் கையை உயர்த்தி நேரம் கேட்க வேண்டும். இப்போது அவருடைய கடிகாரம் மட்டும் சத்தமின்றி நீண்டிருக்கும். நான் இந்த மென்பொருளைத் தொடரச் சொல்வதற்கு இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

பதில் 5
கணினி அறிவியல் ஆசிரியர், பள்ளியின் மென்பொருள் நிர்வாகி

எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முக்கியமா என்ற கேள்விக்கு நிர்வாகியின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். அன்றாடக் கற்பித்தலைப் பொறுத்தவரை வேறுபாடு நாம் நினைப்பதைவிடக் குறைவு. யார் பராமரிப்பது, பின்னொரு நாள் எப்படி வெளியேறுவது என்ற இரண்டு கேள்விகளில் வேறுபாடு மிகப் பெரிது.

மூடில் 2002இல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை என்பதைப் பார்த்து “இலவசம்” என்று நிர்வாகங்கள் மகிழ்ந்துவிடுகின்றன. சேவையகம், காப்புப்பிரதி, பாதுகாப்புத் திருத்தங்கள், பதிப்பு மேம்பாடு ஆகிய அனைத்துக்கும் ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆள் பெரும்பாலும் முழுப் பாடவேளையும் எடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியராகவே இருப்பார். பின்னணிப் பணிகளை இயக்கும் கிரான் என்ற அட்டவணை நின்றுபோனால் மின்னஞ்சல் அறிவிப்புகள் போகாது; திரையில் பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால், மாணவர்கள் அறிவிப்பைப் பொருட்படுத்துவதில்லை என்று ஆசிரியர்கள் வருந்திக்கொண்டிருப்பார்கள். அத்தகைய ஆள் உங்களிடம் இல்லாவிட்டால், நிறுவனம் ஒன்று நிர்வகித்துத் தரும் மூடிலையோ, 2014இல் வெளிவந்த கூகுள் கிளாஸ்ரூமைப் போன்ற எளிய சேவையையோ தேர்ந்தெடுப்பதே பொருத்தம். கிளாஸ்ரூமில் பராமரிப்பு வேலை மிகக் குறைவு. அதற்கு ஈடாக, வினா வங்கியையும் கணித ஆசிரியர் சொன்ன புள்ளியியல் அறிக்கையையும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

வெளியேறும் வழியைப் பற்றி நுழையும்போது யாரும் கேட்பதில்லை. 2008இல் தொடங்கி உலகெங்கும் ஆசிரியர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றிருந்த எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்பு, வெப்சிடி என்ற புகழ்பெற்ற மென்பொருள் 2006இல் பிளாக்போர்டு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுக் காலப்போக்கில் மறைந்தது. ஆகவே “இன்றைக்கே வெளியேறினால் என் வினாக்களையும் மதிப்பெண்களையும் எந்த வடிவத்தில் எடுத்துச்செல்ல முடியும்?” என்று கேட்டு, சோதனைக் காலத்திலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். வினாக்களுக்கு கியூடிஐ என்ற பொதுத் தரம் உண்டு. மூடிலுக்குரிய கிஃப்ட் வடிவம் வெறும் எழுத்துக்கோப்பு என்பதால் எந்தத் தட்டச்சு மென்பொருளிலும் திறந்து படிக்கலாம். ஊடாடும் பாடத்தொகுப்புகளுக்கு ஸ்கார்ம் என்ற தரம் இருக்கிறது. அதன் 1.2 பதிப்பு 2001இல் வந்தது. இன்னும் பரவலாகப் புழங்குகிறது. முடித்தாரா, எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம் என்பவற்றுக்கு அப்பால் அதில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

செயல்பாட்டுப் பதிவுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். “பார்த்தார்” என்று மென்பொருள் குறிப்பது, அந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதை மட்டுமே. நிறைவு நிபந்தனையைப் “பார்த்தால் போதும்” என்று அமைத்தால், எல்லாப் பக்கங்களையும் வரிசையாகத் திறந்து மூடிவிட்டு நூறு விழுக்காடு நிறைவு என்ற பச்சைக் குறியோடு நிற்கும் மாணவர்கள் உருவாவார்கள். நிறைவு என்பது குறைந்தபட்ச மதிப்பெண்ணோடோ, ஒப்படைப்போடோ இணைக்கப்பட வேண்டும். மாணவர் எத்தனை மணிக்கு நுழைந்தார் என்பதை எல்லாம் பெற்றோர் கூட்டத்தில் திரையிட்டுக் காட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது கற்றலைக் காட்டிலும் கண்காணிப்புக்கே நெருக்கமானது என்பதால் எங்கள் பள்ளியில் அதற்கு நான் அனுமதி தருவதில்லை.

தரவுப் பாதுகாப்பைச் சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2022இல் டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு, ஹெல்சிங்கோர் நகராட்சிப் பள்ளிகளில் குரோம்புக் கணினிகளையும் கூகுளின் கல்விச் சேவைகளையும் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. அபாயங்களை முறையாக மதிப்பிடவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எந்த நாட்டில் இருந்தாலும், மாணவரின் எந்தத் தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்விக்கு எழுத்து வடிவில் பதில் வாங்கி வைத்திருப்பது பள்ளிக்குப் பாதுகாப்பு.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
உயிரியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிடக் குறிப்பான பதில்கள் கிடைத்திருக்கின்றன. வருடி எடுத்த கோப்புகளைச் சோதிக்கும் வழியை எங்கள் பாடப்பக்கங்களில் முயன்றேன். பழைய தேர்வுத்தாள்களும் வரைபடக் குறிப்புகளும் பெரும்பாலும் படங்களாகவே இருக்கின்றன. அவற்றை மாற்றுவது தனிப்பணி.

இன்னும் ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. மென்பொருளிலும் காகிதத்திலும் இரண்டு முறை எழுதும் வேலையை உங்கள் பள்ளிகளில் எப்படி நிறுத்தினீர்கள்? எங்கள் ஆசிரியர்களின் வெறுப்புக்கு முதற்காரணம் அதுதான். மென்பொருளைத் தொடர்வதென்று நான் பரிந்துரைத்தால், கூடவே எதை நிறுத்தப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில் 6
கணித ஆசிரியர்

எங்கள் பள்ளியில் இரண்டையும் ஒன்றாக்க முயலவில்லை; பிரித்தோம். பருவத்தேர்வு மதிப்பெண்கள் காகிதப் பதிவேட்டில் மட்டும். அவை கையெழுத்தும் முத்திரையும் தேவைப்படும் ஆவணங்கள். வாராந்தரச் சிறுதேர்வுகளும் ஒப்படைப்புகளும் மென்பொருளில் மட்டும். ஒரே மதிப்பெண்ணை எந்த ஆசிரியரும் இரண்டாவது இடத்தில் எழுத வேண்டியதில்லை என்று தலைமையாசிரியர் எழுத்து வடிவில் சுற்றறிக்கை அனுப்பினார். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் அச்சத்தில் எல்லோரும் இரண்டிலும் எழுதிக்கொண்டே இருந்திருப்பார்கள். பருவத்தின் இறுதியில் மென்பொருளின் மதிப்பெண் பதிவேட்டை அட்டவணைக் கோப்பாக இறக்கி, அச்சிட்டு, பதிவேட்டோடு இணைத்துவிடுகிறோம்; ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் காட்ட அது போதுமானது.

பதில் 7
மொழி ஆசிரியை

அதோடு, எல்லா ஆசிரியர்களும் எல்லாப் பகுதிகளையும் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் நிர்வாகம் ஒருகட்டத்தில் ஒவ்வொருவரும் மாதந்தோறும் எத்தனை கோப்புகள் ஏற்றினார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கியது. எண்ணிக்கையைக் காட்டுவதற்காகவே ஒரே குறிப்பு மூன்று துண்டுகளாக ஏற்றப்பட்டது. இப்போது ஒவ்வொரு துறையும் தனக்குப் பயன்படும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து ஒரு பருவம் முழுவதும் அதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறது. கணிதத்துக்கு வினா வங்கி, எங்களுக்கு வரைவுகள். உயிரியலுக்கு, படத்தில் உறுப்புகளின் பெயர்களை இழுத்துப் பொருத்தும் வினா வகை ஏற்றதாக இருக்கும் என்று எங்கள் பள்ளியின் உயிரியல் ஆசிரியர் சொல்கிறார். கைப்பேசித் திரையில் சிறு படங்களின் மீது பெயர்களைச் சரியாக விடுவது கடினம் என்பதால், படத்தைப் பெரிதாக வைத்து, ஒரு படத்துக்கு ஐந்தாறு பெயர்களுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சிறப்புக் கல்வி ஆசிரியர் சொன்ன விசைப்பலகைச் சோதனையை அந்த வினா வகையிலும் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அதைப் பயன்படுத்த முடியாத மாணவர் வகுப்பில் இருந்தால், அதே பாடப்பகுதிக்குப் பொருத்துக வகை வினா ஒன்றையும் உடன் வைத்துவிடலாம்.